பூல் துறைமுகத்துப் பறவைப் படகு: அத்தை போட்ட மதிப்பெண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படகில் என்றைக்கு ஏறுவது என்பதை வானிலை பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் இரண்டு முறை போனேன். நவம்பரில் போனபோது பளிச்சென்று வெயில், காற்றே இல்லை, பறவைகள் எல்லாம் சேற்றில் கடுகு இறைத்தது மாதிரி எட்டாத தூரத்தில் இருந்தன. ஜனவரியில் போனபோது சாம்பல் வானம், மூக்கு மரத்துப்போகும் குளிர், ஆனால் பைனாகுலரே தேவைப்படாத அளவுக்குப் பக்கத்தில் பறவைகள். அதே கட்டணம், அதே படகு, அதே வழிகாட்டி. தண்ணீர் இருந்த உயரம் மட்டும்தான் வேறு.

பூல் இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டில் இருக்கிறது. நான் இருக்கும் சவுத்தாம்ப்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். துறைமுகம் என்றதும் ஆழமான நீரும் பெரிய கிரேன்களும் நினைவுக்கு வரும். இங்கே கதை வேறு. ஏறக்குறைய 36 சதுர கிலோமீட்டர் பரப்பு. உலகத்தின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. ஆனால் சராசரி ஆழம் வெறும் 48 சென்டிமீட்டர். என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியபோது மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு இது. பெரிய கப்பல்கள் தூர்வாரிய கால்வாய்களில் மட்டும் வந்து போகின்றன. மிச்சமெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக்காகத்தான் சைபீரியாவிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் பறவைகள் வருகின்றன. நமக்கு இங்கிலாந்துக் குளிர் கொடுமை; அதுகளுக்கு இது ஊட்டிக்குப் போகிற மாதிரிகூட இல்லை, கன்னியாகுமரிக்கு வருகிற மாதிரி.

நவம்பரில் தனியாகப் போனேன். டிசம்பரில் அத்தை தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள், சரி இருவருமாகப் போகலாம் என்று மறுபடி பதிவு செய்தேன். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு, காற்று அதிகம் என்பதால் பயணம் ரத்து என்று மின்னஞ்சல் வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. காற்றில் பயணிகளை ஏற்றுவதைவிட ரத்து செய்வது நல்லதுதான். ஆனால் பணம் திரும்பி வர மூன்று வாரமும் இரண்டு நினைவூட்டல்களும் ஆயின. பூலில் படகு ஓட்டுகிறவர்கள் பலர். இவர்கள் யார் என்று சொல்லப் போவதில்லை. எவரிடம் பதிவு செய்தாலும், ரத்தானால் பணம் எப்போது திரும்பும் என்பதை முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட் ஆளுக்கு 30 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டரை மணி நேரத்துக்கு, நல்ல வழிகாட்டியோடு, அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன். அத்தை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பேசவில்லை.

ஜனவரியில் மறுபடி பதிவு செய்யும்போது ஓத அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் பார்த்தேன். இதைச் சொல்லிக் கொடுத்ததும் அத்தைதான். நவம்பரில் எடுத்த படங்களைக் காட்டினேன். அதில் பறவை எது சேறு எது என்று எனக்கே தெரியவில்லை. அத்தை கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, தண்ணி வத்திக் கெடக்கும்போது போயிருக்கியே. அதுக மேயப் பரவிப் போயிருக்கும்லா. தண்ணி ஏறினாத்தான ஒரு எடத்துல வந்து ஒதுங்கும்" என்றார்கள். மாமா தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வீட்டுப் பேச்சிலேயே கடல் இருக்கும்.

அத்தை சொன்னதுதான் நடந்தது. நீர் வற்றியிருக்கும்போது உள்ளான் வகைகள் மொத்தத் துறைமுகத்துச் சேற்றிலும் பிரிந்து மேய்கின்றன. நீர் ஏறியதும் சேறு மூடிப்போகிறது. எல்லாம் கிளம்பி, நீர் ஏறாத இடம் தேடி ஒன்றாகக் கூடுகின்றன. பூலில் அந்த இடம் பிரவுன்சீ தீவின் காயல். அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதால் ஓதம் உள்ளே ஏறுவதில்லை. நம் படகு அந்தச் சுவரை ஒட்டித்தான் போகிறது. நீர் ஏறியிருந்தால் படகும் உயர்ந்து நிற்கும், மேல்தளத்திலிருந்து சுவருக்கு மேலாக உள்ளே பார்க்கலாம். வற்றியிருந்தால் சுவரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நவம்பரில் நான் மிக நன்றாகப் பார்த்தது அந்தச் சுவரைத்தான். இன்னொரு லாபம், நீர் ஏறினால் படகு தீவுகளுக்குத் தெற்கே, ஆழமில்லாத பக்கத்திலும் போக முடிகிறது. பூலில் உயர் ஓதம் ஒரு முறை வந்து, லேசாக இறங்கி, மறுபடி ஏறும் விசித்திரமும் உண்டு. அதனால் நீர் நிறைந்து நிற்கும் நேரம் நீளம். படகு கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாலும் பழுதில்லை.

படகைப் பற்றி. மேல்தளம் திறந்தவெளி, கீழே கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. ஜன்னலில் உப்புநீர் தெறித்துக் காய்ந்து வெள்ளை படிந்திருந்தது. கீழே உட்கார்ந்தால் குளிராது, ஆனால் பறவையும் தெரியாது. மேலே உட்கார்ந்தால் இரண்டும் தலைகீழ். கழிப்பறை ஒன்று இருக்கிறது. கதவைச் சாத்த வேண்டுமானால் கோட்டைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் சொல்ல முடியும். மேல்தளத்தில் பின்பக்கம் உட்கார்ந்தால் டீசல் புகை முகத்தில் அடிக்கிறது, முன்பக்கம் உட்கார்ந்தால் காற்று. நடுவில் இடதுபுறம் நல்ல இடம். நாங்கள் போன அன்று காயலைத் தாண்டும்போது அந்தப் பக்கம்தான் சுவர் வந்தது. எல்லா நாளும் ஒரே பாதையில் போவார்கள் என்று சொல்ல முடியாது, ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

அத்தை மூன்று சுவெட்டர், அதன்மேல் என் கணவரின் மழைக்கோட்டு, குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ். நெய்தல்காரர்களுக்குக் காற்று புதிதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் ஏறினார்கள். படகு துறையை விட்டு நகர்ந்த ஐந்தாவது நிமிஷம், "இதுவும் வாடைதான். ஐஸ்ல முக்கி எடுத்த வாடை" என்றார்கள்.

வழிகாட்டி முப்பது வயது இருக்கும் ஒரு பெண். கையில் மைக். பறவை எங்கே என்பதைக் கடிகார முள் வைத்துச் சொல்கிறார்: படகின் முன்முனை 12 மணி, பின்முனை 6 மணி. "மூன்று மணியில், மிதவைக்கு இடதுபக்கம்" என்றால் எல்லாரும் வலதுபுறம் திரும்ப வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் மேல்தளத்து பெஞ்சுகள் முதுகோடு முதுகாக இருக்கின்றன. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு மூன்று மணி இடதுபுறம் வருகிறது. முதல் இருபது நிமிஷம் பாதிப் பேர் தப்பான திசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கியும் கரகரவென்று இருந்ததால் 3 கேட்டதா 9 கேட்டதா என்பதே சந்தேகம். இதை அவர்கள் சரிசெய்யலாம். பெரிய செலவில்லை. பைனாகுலர் இல்லாதவர்களுக்கு இரவல் தர நான்கைந்து வைத்திருந்தார், அது மட்டும் நிறைவாக இருந்தது. அத்தைக்கு ஒன்று கிடைத்தது.

துறையை விட்டுக் கிளம்பியதும் சன்சீக்கர் கப்பல்கட்டும் இடத்தில் கோடீஸ்வரர்களின் உல்லாசப் படகுகள். அதைத் தாண்டினால் நீர்க்காகங்கள் மிதவைகளில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கின்றன. பிறகு பிரெண்ட் வாத்துகள். கறுத்த தலை, கழுத்தில் சின்ன வெள்ளைக் கோடு. சைபீரியாவின் தைமீர் பக்கத்திலிருந்து வருபவை. ஆழமில்லாத நீரில் கடல்புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டு, ஒன்றோடொன்று விடாமல் முனகிப் பேசிக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் கேட்கும் சத்தம் மாதிரி.

நாமத்தலை வாத்துக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆணின் நெற்றியிலிருந்து உச்சி வரை மஞ்சள் பட்டை. தமிழில் அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ, ஒரே பார்வையில் அடையாளம் காணும்படி வைத்திருக்கிறார். அத்தையிடம் பெயரைச் சொன்னேன். "வடகலையா தென்கலையா?" என்று கேட்டார்கள்.

பிரவுன்சீ தீவு வந்தது. 1907-இல் பேடன் பவல் சாரணர் இயக்கத்தின் முன்னோடி முகாமை நடத்திய தீவு. வழிகாட்டி அதை ஒரே வரியில் முடித்துவிட்டுக் காயல் கதைக்கு வந்தது எனக்குப் பிடித்தது. 1850-களில் தீவை வாங்கிய கர்னல் வாவ் என்பவர், கடல் விரிகுடா ஒன்றைச் சுவர் வைத்து அடைத்து, நீரை இறைத்து மேய்ச்சல் நிலம் ஆக்கினார். தீவில் பீங்கான் செய்யும் உயர்ந்த களிமண் இருக்கிறது என்று நம்பி முதல் போட்டார். கிடைத்தது சாக்கடைக் குழாய் செய்யத்தான் லாயக்கு. மனிதர் கடனாளியாகி ஓடிப்போனார். பிற்காலத்தில் பம்புகளும் நின்றன. மேய்ச்சல் நிலத்தில் மறுபடி நீர் கோத்துக் காயல் ஆனது. இன்று தீவு, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தம், காயலை டார்செட் வைல்ட்லைஃப் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் தீவில் ஆட்களை இறக்குவதில்லை. அதனால் இந்தப் பருவத்தில் காயலைப் பார்க்கப் படகுதான் வழி.

இன்ஜினை அடக்கிவிட்டுப் படகு சுவரோரம் மிதந்தது. சுவருக்கு அப்பால் ஒரு வெள்ளைத் திட்டு. மணல் என்று நினைத்தேன். பைனாகுலரை வைத்தால் மணல் அசைகிறது. கோணமூக்கு உள்ளான்கள், நூற்றுக்கணக்கில், நீல நிறக் கால்களில் நெருக்கியடித்துக்கொண்டு. பாதி தூக்கம். ஓரத்தில் ஒரு இருபது மட்டும் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த மூக்கை ஒருமுறையாவது பக்கத்தில் பார்க்க வேண்டும். நுனி மேல்நோக்கி வளைந்து, தையல் ஊசியை நெருப்பில் காட்டி வளைத்தது போல. தலையைக் குனிந்து, அந்த வளைவை நீரின் அடியில் படுக்கவைத்து, இடம் வலம் இடம் வலம் என்று துழாவிக்கொண்டே நடக்கிறது. ஒவ்வொரு துழாவலுக்கும் ஒரு அடி முன்னே. அத்தை ரொம்ப நேரம் பைனாகுலரை எடுக்கவில்லை. "களத்துல நெல்லக் காலால தள்ளிக் காயவைப்போம்லா, அதே நடை" என்றார்கள்.

பிரிட்டனில் இனப்பெருக்கம் செய்யாமல் ஒழிந்துபோயிருந்த பறவை இது. இரண்டாம் உலகப் போரில் எதிரி இறங்காமலிருக்க சஃபோக் கரையின் சில இடங்களை நீரில் மூழ்கடித்தார்கள். மனிதர்கள் போக முடியாத அந்தச் சதுப்பில் 1947-இல் மறுபடி கூடு வைத்தது. பிறகு இந்த நாட்டின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்எஸ்பிபியின் சின்னமாகவே ஆகிவிட்டது. அதைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரலில் ஒரு பெருமை இருந்தது. மைக் கரகரப்பிலும் தெரிந்தது.

பக்கத்தில் கரண்டிவாயன்கள். முப்பதுக்குக் குறையாது. பிரிட்டனிலேயே குளிர்காலத்தில் அதிகம் கூடும் இடம் பூல்தான். காலில் வண்ண வளையம் மாட்டியவற்றில் பல நெதர்லாந்துப் பறவைகள் என்றார் வழிகாட்டி. எல்லாரும் கரண்டி மூக்கைப் பார்க்கத்தான் காத்திருந்தோம். அவையோ மூக்கை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் தூங்கின. "தூங்கவா இவ்ளோ தூரம் வந்துச்சு?" என்று அத்தை சத்தமாகவே கேட்டார்கள். மொழி தெரியாத பக்கத்து பெஞ்சுக்காரர்களும் புரிந்துகொண்டு சிரித்தார்கள். கடைசியில் ஒன்று மட்டும் தலையை வெளியே எடுத்து, கரண்டியால் நெஞ்சைச் சொறிந்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தது. காட்சி ஆறு விநாடி. என் படத்தில் பாதிக் கரண்டி இருக்கிறது.

அந்தப் பக்கத்து பெஞ்சுக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது தாண்டிய ஒரு தம்பதி. சுவரின்மேல் நின்ற சின்ன வெள்ளைக் கொக்கை அவர் அத்தைக்குக் காட்டினார். அத்தை மரியாதைக்குப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கொக்குதான?" என்றார்கள். மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, தன் இளவயதில் ஒரே ஒரு கொக்கைப் பார்க்க இரவோடு இரவாக நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போன கதையைச் சொன்னார். உண்மைதான். இந்த நாட்டில் சின்ன வெள்ளைக் கொக்கு முதன்முதலில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததே 1996-இல், இதே பிரவுன்சீ தீவில். அதற்குமுன் அது அபூர்வ விருந்தாளி. அத்தைக்கு நம்பவே முடியவில்லை. "எங்க ஊர் உப்பளத்துக்கு வரச் சொல்லு. காலைல பல்லு விளக்கும்போதே நூறு காட்டுறேன்" என்றார்கள். இதையும் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் தன் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

இதற்குள் காயலில் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. முன்னறிவிப்பே இல்லை. கோணமூக்கு, கருவால் மூக்கன், பவளக்காலி, எல்லாம் கலந்து ஒரு கருப்பு வெள்ளைப் போர்வையை உதறியது போல. படகில் யாரும் பேசவில்லை. சிறகுகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. வழிகாட்டி பறவைகளைப் பார்க்கவில்லை, அவற்றுக்கு மேலே வானத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "வெள்ளைவால் கழுகு, பதினொரு மணி!" பக்கத்திலிருக்கும் ஒயிட் (Wight) தீவில் 2019 முதல் இந்தக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள், அவற்றில் சில இந்தப் பக்கமும் சுற்றுகின்றன. எனக்கு அந்த நேரம் பார்த்து மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி பனித்துவிட்டது. துடைத்து வைப்பதற்குள் அது பைன் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. கழுகை நான் பார்க்கவில்லை. அத்தை பார்த்தார்கள். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு பயணம் கொஞ்சம் தளர்கிறது. துறைமுக வாயில், சாண்ட்பேங்க்ஸ் மாளிகைகள், ஸ்டட்லண்ட் பக்கம் போகும் சங்கிலிப் படகு என்று சுற்றுலாப் பேச்சாகிவிட்டது. எந்த வீடு எத்தனை மில்லியன் என்பது எனக்கு வேண்டாம். ஆனால் வாயிலருகே பெரிய வடக்கத்திய டைவர் என்ற முக்குளிக்கும் பறவை ஒன்று காப்பாற்றியது. கட்டுமஸ்தான சாம்பல் பறவை, நீரில் தாழ்ந்து மிதக்கும், தலையை நீருக்குள் விட்டு எட்டிப் பார்க்கும், பிறகு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மூழ்கியதும் படகில் எல்லாரும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தோம். நாற்பது, ஐம்பது. எல்லாரும் வலதுபுறம் பார்த்துக்கொண்டிருக்க, அது இடதுபுறம், படகுக்குப் பத்து மீட்டரில், வாயில் ஒரு நண்டோடு எழுந்தது. நண்டின் கால்களை ஒவ்வொன்றாக உதறிக் கழித்துவிட்டு உடலை விழுங்கியது. இந்த விஷயத்தில் அத்தைக்கும் அதற்கும் கருத்து வேறுபாடு: "காலு தான்ட்டி ருசி."

தெற்கே ஃபர்சி தீவு. மரங்களுக்குள் எண்ணெய்க் கிணறுகள் ஒளிந்திருக்கின்றன. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய தரைவழி எண்ணெய் வயலான விட்ச் ஃபார்மின் ஒரு பகுதி. சொல்லாவிட்டால் தெரியாது. கிரீன் தீவு, ரவுண்ட் தீவு, லாங் தீவு என்று சுற்றி வரும்போது சிவப்பு மார்பு மெர்கான்சர் வாத்துகள் வந்தன. குளித்துவிட்டுத் தலை வாராமல் வந்த பையன் மாதிரிக் கொண்டை. ஆர்ன் சதுப்பின் மேல் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து. இந்தத் துறைமுகப் பக்கத்தில் 2022-இல் விரால் அடிப்பான் ஜோடி குஞ்சு பொரித்த கதையையும் சொன்னார்கள், ஆனால் அது கோடையில்தான் இங்கே. குளிருக்கு மேற்கு ஆப்பிரிக்கா போய்விடுகிறது. விளம்பரப் படத்தில் அந்தப் பறவையைப் பெரிதாகப் போட்டுக் குளிர்கால டிக்கெட் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் முன்னால் இருந்த சிறுவன் அதைத்தான் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தான்.

குழந்தைகளைக் கூட்டிப் போவதானால் எட்டு வயதுக்கு மேல் சரி. இரண்டரை மணி நேரம் அவர்களுக்கு நீளம். கையுறை இல்லாமல் பைனாகுலர் பிடிக்க முடியாது, தடிக் கையுறையோடு குவியத்தைத் திருப்ப முடியாது. விரல் நுனி திறந்த கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். 8 மடங்கு பைனாகுலர் போதும். என் 10 மடங்கு, படகு ஆட்டத்தில் பறவையைவிட அடிவானத்தைத்தான் அதிகம் காட்டியது. டீயை நீங்களே ஃபிளாஸ்கில் கொண்டு போங்கள். அங்கே தருவது சுடுநீருக்கு வாசம் காட்டியது.

நான் ஐந்துக்கு மூன்றரை தருவேன். மைக்குக்கும் பணம் திருப்பிய லட்சணத்துக்கும் ஒன்று, கழிப்பறைக்கு அரை கழித்துக்கொண்டேன். அத்தை ஐந்து போடச் சொல்கிறார்கள், கழுகு பார்த்தவர் அல்லவா. பிப்ரவரி கடைசி வாரம் ஊருக்குத் திரும்புகிறார்கள். அதற்குள் காலை பதினொரு மணிக்கு நீர் ஏறும் சனிக்கிழமை ஒன்று இருக்கிறதா என்று அட்டவணையைத் தினமும் என்னிடம் கேட்கிறார்கள். ஒன்று இருக்கிறது. அன்றைக்கு எனக்கு இரவுப் பணி முடிந்து நேரே ரயில் ஏற வேண்டும். கண்ணாடி துடைக்க ஒரு துணியும் எடுத்து வைத்துவிட்டேன்.